சிஐடி படம் பார்த்தவர்கள்

என் அக்காவின் கணவர் கள்ளக்குறிச்சியில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஆள் சேர்த்துக்கொண்டு, கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் போவார். திரும்பும்போது மலைக்காரர்கள் கடுக்காய் மூட்டை, புளி, பலாப்பழம் எல்லாவற்றோடும் வண்டியில் நெருக்கிக்கொண்டு வருவார்கள். சைலன்ஸரில் ஏதோ கோளாறு. அந்த ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டுக்குள்ளிருக்கும் எங்களுக்குத் தெரிந்துவிடும். சரி செய்யச் சொல்லி அக்கா கேட்டுக்கொண்டே இருப்பாள். “சத்தம் கேட்டாத்தான் மலைல ஆளுங்க வந்து ரோட்டுல நிப்பாங்க” என்பார் மாமா.

அப்போது எனக்கு இருபது வயது. எங்கள் அப்பா அம்மா நைனார்பாளையத்தில் இருந்தார்கள். டைப்ரைட்டிங் படிப்பதற்காக நான் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் குழந்தை இல்லை. அதனாலோ என்னவோ இருவரும் என்னை எங்கே போனாலும் கூட அழைத்துப் போனார்கள். போவதென்றால் பெரும்பாலும் சினிமாவுக்குத்தான். மாமாவுக்குச் சினிமா பைத்தியம்.

புதுப் படத்தின் ஃபிலிம் பெட்டி கிடைக்காத வாரங்களில் எங்கள் ஊர்க் கொட்டகையில் பழைய படம் போடுவார்கள். அப்படி ஒரு வாரம் அந்தச் சிஐடி படம் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். மாமா இளவட்டமாக இருந்தபோது திருக்கோவிலூரில் அதைப் பார்த்திருக்கிறார். போஸ்டரைப் பார்த்த அன்றே வண்டியைச் சீக்கிரம் நிறுத்திவிட்டு வந்து, “கெளம்புங்க, கெளம்புங்க, மேட்னிக்குப் போலாம்” என்று அவசரப்படுத்தினார்.

கதை இதுதான். நாட்டுக்கு எதிராகச் சதி செய்கிற ஒரு கூட்டம் மலை உச்சியில் ஒரு பங்களாவில் இருந்துகொண்டு அணையை உடைக்கத் திட்டம் போடுகிறது. அந்தக் கூட்டத்தில் டிரைவர் வேஷத்தில் போய்ச் சேருகிறான் சிஐடியான கதாநாயகன். அங்கே ஒற்றைக் கண்ணுள்ள ஒரு கிழவன் இருக்கிறான். கூட்டத்தில் இரண்டாமிடம் அவனுக்கு. புதிதாக வந்த டிரைவரை அவனுக்குப் பிடித்துப் போகிறது. தன் தட்டிலிருந்து எடுத்து அவனுக்குச் சாப்பாடு வைக்கிறான். கூட்டத்தில் ஆடுகிற பெண் ஒருத்தியும் டிரைவரை விரும்புகிறாள். கடைசியில் போலீஸ் மலையைச் சூழ்ந்துகொள்ள, டிரைவர் சட்டைக் காலரைத் திருப்பி உள்ளே குத்தியிருக்கும் சிஐடி பேட்ஜைக் காட்டுகிறான். கிழவன் கையில் துப்பாக்கி இருக்கிறது. ஆனால் அவன் சுடுவதில்லை. பார்த்தபடி நிற்கிறான். போலீஸ் குண்டு பட்டு விழுகிறான். அந்தப் பெண்ணும் செத்துப் போகிறாள். கதாநாயகனுக்குப் பதக்கம் கிடைக்கிறது.

அவன் காலரைத் திருப்பிக் காட்டியபோது கொட்டகையே அதிர்ந்தது. விசிலும் கைதட்டலுமாக வசனம் எதுவும் காதில் விழவில்லை. மாமா எழுந்து நின்று கை தட்டினார். அவர் சட்டையைப் பிடித்து அக்கா உட்கார வைத்தாள்.

படம் விட்டதும் வாசலில் சோடாக் கடைக்கு முன்னால் நிற்பது வழக்கம். எங்கள் தெருக்காரர்கள் பலரும் அங்கே கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு கருத்து.

“அந்த மலப்பாதைல வண்டி ஓட்டுறான் பாருங்க, அதுக்கே துட்டு சரியாப் போச்சி” என்றார் மாமா. “டூப்பு போடாம ஓட்டியிருக்கான்.”

“டூப்பு இல்லாமலா? அவ்ளோ தூரம் உருண்டு பெரண்டு சண்ட போடுறான், கோட்டுல ஒரு மண்ணு ஒட்டலியே” என்றார் சோடாக்கடைக்காரர். அவர் கொட்டகை வாசலிலேயே இருந்தும் எந்தப் படத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. துண்டு துண்டாகப் பார்த்தே கருத்துச் சொல்வார்.

“அந்தப் பொண்ண நெனச்சாத்தான் கஷ்டமா கீது” என்றாள் அக்கா. “கட்டிக்கறன்னு பாட்டுப் பாடிட்டு, செத்தப்ப ஒரு சொட்டு கண்ணீரு வுட்டானா?”

எங்கள் பக்கத்து வீட்டு அம்மா இட்லி விற்றுப் பிழைப்பவர். அவருக்கு வேறு துக்கம். “எனக்கு அந்த ஒத்தக்கண்ணன்தாங்க பாவம். தான் துன்றத எடுத்துக் குடுத்தானே அவனுக்கு.”

“அவன் நாட்டுக்கே துரோகம் பண்றவன்க்கா” என்றார் மாமா. “சோறு போட்டான்னு வுட்டுட முடியுமா? சிஐடி அவன் வேலைய அவன் செஞ்சான்.”

“செய்யட்டும். சோத்துல கை வெச்சிக்கினு செய்யணுமா?”

அன்று மாமாவோடு மலையிலிருந்து இறங்கி வந்த ஒருவரும் எங்களோடு படம் பார்த்தார். வெள்ளிமலைக்கு அப்பால் சாமை விதைக்கிறவர். அவரிடம் சோடாக்கடைக்காரர் எப்படி இருந்தது என்று கேட்டார். மலைக்காரர், “அவ்ளோ பெரிய மலைங்க, ஒரு ஆடு காணோம், ஒரு வூடு காணோம். ஆளே இல்லாத மலையில அவங்களுக்கு யாரு தண்ணி மொண்டு குடுப்பாங்க?” என்றார். எல்லோரும் சிரித்தோம். மாமா வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அந்த வாரத்திலேயே மறியல் ஆரம்பித்தது. எங்கள் ஜாதிக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு சங்கத்தார் பல மாதங்களாக ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமாவும் தன் சொந்தக் கிராமத்துக்காரர்களை ஜீப்பில் கூட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். அவருடைய சித்தப்பா மகன், எங்களுக்கெல்லாம் பெரிய மச்சான், அந்த ஊரில் சங்கத்துக்கு முன்னால் நிற்கிற ஆள். மாமாவும் அவரும் ஒரே வயது, மாமா சில மாதம் மூத்தவர். உயரத்தால்தான் இவருக்குப் ‘பெரிய’ என்ற பேர். ஒரே வகுப்பில் படித்து, ஒரே வருடத்தில் பள்ளியை விட்டவர்கள்.

சாலையோரப் புளியமரங்களை அறுத்துச் சாய்த்தார்கள். சிறு பாலங்களைக் கடப்பாறையால் பெயர்த்தார்கள். பஸ் நின்றது, லாரி நின்றது. ஊருக்குள் பால் வரவில்லை, காய்கறி வரவில்லை. கொட்டகையில் ஓடிய சிஐடி படத்தின் பெட்டியும் திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டது. அடுத்த பெட்டி வரவும் வழியில்லை. வேலைவெட்டி இல்லாமல் ஆட்கள் தெருவில் நின்றதால் முதல் சில நாட்கள் பகல் காட்சி மட்டும் அதே படத்தை ஓட்டினார்கள். மாமாவும் போனார். ஜீப்பை வீட்டோரமாக நிறுத்திவிட்டு அவர் செய்வதற்கும் வேறொன்றும் இல்லை.

ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஜனங்கள் வேறு எதையோ பார்க்க ஆரம்பிப்பார்கள் போலிருக்கிறது. ஒருநாள் மாமா வந்து சொன்னார்.

“இன்னிக்கி அந்தக் காலர் சீனுக்குக் கைதட்டு கம்மிதான். பின்னாடி எவனோ சொல்றான், நம்ம சங்கத்துலயும் இந்த மாதிரி நாலு பேரு பூந்துகினு இருப்பான்னு. எல்லாரும் ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கினாங்க.”

“நீங்க இன்னா சொன்னீங்க?” என்று அக்கா கேட்டாள்.

“நான் இன்னா சொல்லுவேன். படத்தப் படமாப் பாருங்கடான்னேன்.”

அதற்கடுத்து, மாமாவின் ஊரை ஒட்டிய காலனியில் வீடுகள் எரிந்தன. எரித்தது யார் என்று எங்கள் தெருவில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. “நம்ம ஆளுங்க அப்பிடியெல்லாம் செய்ய மாட்டாங்க” என்றார்கள். கொஞ்ச நேரம் போனால், “மரத்த எடுக்க அவனுங்கதான வந்தானுங்க” என்றார்கள். இரண்டையும் ஒரே ஆள் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அந்தக் காலனியிலிருந்தும் மாமாவுடைய வண்டியில் ஏறுகிறவர்கள் உண்டு. அவர் வெளியே போய் ஜீப்பில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

வெளியூரிலிருந்து போலீஸ் நிறைய வந்து இறங்கியது. பெரிய மச்சானும் சங்கத்து ஆட்களும் தலைமறைவானார்கள். கொட்டகையை மூடச் சொன்னார்கள். ஒரு காலையில் அதிகாரி ஒருவர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“வண்டி உங்களுதா? எங்களுக்கு வேணும். ஓட்ட நீங்களும் வேணும்.”

“டீசல் இல்லீங்க சார்.”

“டீசல் நாங்க போட்டுக்கறோம்.”

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மறுப்பதற்கு ஒரு வழி இருந்திருக்குமா என்று அக்கா பிற்பாடு பல தடவை கேட்டிருக்கிறாள். எனக்குத் தெரிந்து இல்லை.

சில நாட்கள் கழித்து ஒரு பிற்பகலில் ஜீப் சத்தம் கேட்டது. நாங்கள் வாசலுக்கு ஓடினோம். மாமா இறங்கியதும் உள்ளே வரவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்து வண்டியைக் கழுவ ஆரம்பித்தார். சீட்டைக் கழற்றிக் கழுவினார், பின்பக்கத் தார்ப்பாயைக் கழற்றிக் கழுவினார். அக்கா சோறு போட்டுவிட்டு மூன்று முறை கூப்பிட்டாள். கடைசியில் வந்து உட்கார்ந்தவர் நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை.

“பெரியவனப் புடிச்சிட்டாங்க” என்றார். பெரிய மச்சானைத்தான் அவர் அப்படிச் சொல்வார். “கூட இருந்தவங்களையும்.”

“எங்க?”

“கரும்புத் தோட்டத்துல.”

“நீங்க இருந்தீங்களா?”

“என் வண்டிலதான புடிச்சாங்க.”

கையைக் கழுவ எழுந்துவிட்டார். மிச்சத்தை ஊர்தான் பேசியது. பிடிபட்டவர்களைக் கோர்ட்டுக்குக் கொண்டு வந்தபோது பார்க்கப் போன சொந்தக்காரர்களிடம் பெரிய மச்சானே சொன்னாராம்: கரும்புத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஜீப்பை நிறுத்திவிட்டு, ஓட்டுகிற இடத்திலிருந்தபடியே மாமா கையை நீட்டி ‘வா’ என்று கூப்பிட்டாராம். அரிசியோ சேதியோ கொண்டு வந்திருக்கிறார் என்று நம்பி எல்லோரும் வெளியே வந்தார்களாம். உடனே பின்னால் தார்ப்பாய்க்குள்ளிருந்து போலீஸ் குதித்ததாம். சந்தைக்குப் போய் வருவதற்குள் இந்தக் கதையை எங்களிடமே இரண்டு பேர் சொன்னார்கள், நாங்கள் யாரென்று தெரியாமல்.

தெருக்குழாயில் அக்கா குடம் வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். இட்லிக்கார அம்மா மட்டும் பேசினார். பேசாமலேயே இருந்திருக்கலாம். “அன்னிக்கே சொன்னேன் பாத்தியா, சோத்துல கை வெச்சிக்கினு செய்யக்கூடாதுன்னு” என்றார். அக்கா பாதி நிரம்பிய குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சாலைகள் திறந்தன. அடுத்த படப் பெட்டி வருவதற்குள் கொட்டகையைத் திறந்து பழைய படத்தையே மறுபடி போட்டார்கள். அதைக் கேள்விப்பட்டதும் மாமா, “மேட்னிக்குப் போலாம்” என்றார். அக்கா பயந்துவிட்டாள்.

“எதுக்கு இப்ப? வேணாம்ங்க.”

“எல்லாரும் பாக்கட்டும் என்னை. ஒளிஞ்சிக்கினா செஞ்சவன்னு ஆயிடும்.”

தனியாக அனுப்ப மனமில்லாமல் நாங்களும் போனோம். வழக்கமாக உட்காரும் பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னும் பின்னும் இருந்த பெஞ்சுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாயின. இடைவேளையில் மாமா முறுக்கு வாங்கி வந்தார். மூவரும் கையில் வைத்துக்கொண்டே இருந்தோம்.

டிரைவர் காலரைத் திருப்பிக் காட்டும் கட்டம் வந்தது. கொட்டகையில் ஒரு சத்தமும் இல்லை. ஒற்றைக்கண் கிழவனின் முகம் திரை முழுக்க நின்றது. முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், “தூ! சோறு போட்டவனக் காமிச்சிக் குடுத்தியே, நாயே!” என்று கத்தினார். இன்னொருவர் செருப்பைக் கழற்றித் திரைமேல் வீசினார். பிறகு பல செருப்புகள் பறந்தன. கதாநாயகன் சிரித்துக்கொண்டே பதக்கம் வாங்குகிறவரை ஏச்சு நிற்கவில்லை.

“அந்த டிரைவர ஏன்டா திட்றீங்க? நம்ம டிரைவரு இங்கதான குந்திகினு கீறாரு!”

யார் சொன்னதென்று தெரியவில்லை. விளக்கு போட்டார்கள். எல்லாத் தலைகளும் திரும்பின. அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். மாமா எழுந்து நின்றார். ஏதோ சொல்லத்தான் எழுந்தார் என்று நினைக்கிறேன். சட்டைக் காலரை ஒருமுறை கையால் சரி செய்துகொண்டார். அது அவருடைய பழக்கம்தான். ஆனால் அதைப் பார்த்து ஒருவன் சிரித்தான், சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போயிற்று.

யாரும் அடிக்கவில்லை. நடுவில் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னாள். வாசலில் சோடாக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் குனிந்து பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தார்.

அதன்பின் ஜீப்பில் ஏற ஆள் வரவில்லை. மலைக்காரர்கள் மட்டும் ஏறினார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்று மற்ற டிரைவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில் பார்த்தால் வண்டி தரையோடு தரையாக இருந்தது. டயர்களை யாரோ கிழித்திருந்தார்கள். பெரிய மச்சானின் அம்மா ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வாசலுக்கு வந்தார். தெரு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வீட்டுக்குள் வீசினார். “எம்புள்ளயும் நீயும் ஒரே தட்டுல துன்னீங்களேடா!” என்று சொல்லிச் சொல்லி வீசினார். மாமா உள்ளே சுவரோரமாக நின்றிருந்தார். அந்த அம்மா போனபிறகு அவரே விளக்குமாறு எடுத்துக் கூட்டினார். அக்காவைக் கூட்டவிடவில்லை.

அம்மா என்னை ஊருக்கு வரச் சொல்லிவிட்டார். எனக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், இந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் என்ற பயம். புது டயர் மாட்டி மாமாவே என்னை ஜீப்பில் நைனார்பாளையத்துக்குக் கொண்டு போய் விட்டார். வழி நெடுக இரண்டு பக்கமும் அறுத்த புளியமரங்களின் அடிக்கட்டைகள். வெயில் நேராக ரோட்டில் விழுந்தது. இத்தனை நாள் கேட்காததை அப்போது கேட்டேன்.

“மாமா, நீங்க கை காமிச்சீங்களா?”

அவர் ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினார். “இல்ல பாப்பா.”

“அப்பறம் எப்பிடி அவங்க வந்தாங்க?”

“பக்கத்து சீட்டுல ஒருத்தன் சட்ட வேட்டி கட்டிக்கினு குந்திகினு இருந்தான். போலீசுதான், ஆனா பாத்தா நம்ம ஊரு ஆளு மாதிரி இருப்பான். மத்தவங்க பின்னாடி தார்ப்பாய்க்குள்ள. தோட்டத்தாண்ட மெதுவாப் போன்னான். போனேன். நம்ம வண்டி சத்தம்தான் அவங்களுக்குத் தெரியுமே. வந்துட்டாங்க.”

“இத ஊர்ல சொல்லுங்களேன்.”

“சொன்னா?” என்றார். நைனார்பாளையம் வந்ததும் என் பெட்டியை இறக்கி வைத்தார். எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு உடனே திரும்பிவிட்டார்.

அந்த வருடக் கடைசியில் ஜீப்பை விற்றுவிட்டு மாமா கல்வராயன் மலைக்கே போய்விட்டார். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில், மரவள்ளிக் கிழங்கு வாங்கிக் கீழே அனுப்புகிற வியாபாரிக்கு எடை போடுகிற வேலை. அக்காவும் பின்னாலேயே போனாள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. மழைக்காலத்தில் போனால் பேசுவது காதில் விழாது, கூரைமேல் அவ்வளவு சத்தம். மலைக்காரர்கள் அவர்களை நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். கீழே நடந்தது அவர்களுக்குத் தெரியும், ஆனால் யாரும் கேட்கவில்லை. மாமா அதன்பின் எந்த வண்டியிலும் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கிழங்கு லாரி கிளம்பும்போது டிரைவர் பக்கத்தில் நிற்கமாட்டார், அந்தப் பக்கமாகப் போய்விடுவார் என்று அக்கா சொல்வாள்.

பெரிய மச்சான் ஜெயிலிலிருந்து வந்தபோது ஒரு காது கேட்காமல் போயிருந்தது. பிறகு வழக்கு நிற்காமல் போயிற்று. சங்கம் கேட்டதில் ஒரு பங்கு கிடைத்தது. எங்கள் பிள்ளைகள் பலர் அதில்தான் படித்தார்கள், என் மகனும்தான். பெரிய மச்சானின் மகன் இன்ஜினீயரிங் காலேஜில் சேர்ந்தபோது ஊரில் பந்தல் போட்டுச் சாப்பாடு போட்டார்கள். ஜெயிலுக்குப் போனவர்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். நானும் போயிருந்தேன். மலைக்கு யாரும் சொல்லியனுப்பவில்லை.

அந்தச் சிஐடி படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மலை அட்டையில் செய்தது என்றார்கள், துப்பாக்கியில் புகையே வரவில்லை என்றார்கள். என் கணவர், “எங்க காலத்துல இதுக்கு டிக்கெட்டே கெடைக்காது, தெரியுமா” என்று அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். “நீ இன்னா சொல்ற?” என்று என்னைக் கேட்டார். நான் அடுப்பில் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டேன். எனக்கு அந்தப் படம் பிடித்ததா இல்லையா என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஒற்றைக்கண்ணன் ஏன் சுடவில்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்த மாதிரி இருக்கும், பிறகு புரியாத மாதிரி ஆகிவிடும்.

மாமா ஒரு தை மாதத்தில் இறந்தார். பனியில் காலை வேலைக்குப் போனவர் எடை மேடையிலேயே சாய்ந்துவிட்டார். கீழே கொண்டு வரலாமா என்று என் கணவர் கேட்டதற்கு அக்கா முடியாது என்றாள். மலையிலேயே அடக்கம் செய்தோம். கீழேயிருந்து எங்கள் குடும்பத்தைத் தவிர வேறு யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் பெரிய மச்சான் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது. வீட்டுக்குள் வரவில்லை. வேலியோரம் பலாமரத்துக்குக் கீழே நின்றுகொண்டார். அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான்தான் போனேன். கேட்கிற காது எனக்கு நேராக வரும்படி அவர் திரும்பி நின்றார்.

“எப்பிடி ஆச்சி?”

சொன்னேன். தலையை ஆட்டினார். பிறகு நான் எதையும் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

“அவன் கை காட்டல.”

வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு கையும் ஸ்டீரிங்லதான் வெச்சிக்கினு இருந்தான். என்னப் பாத்தான். பாத்துட்டு நேரா ரோட்டப் பாக்க ஆரம்பிச்சிட்டான். எப்பவும் என்னப் பாத்தா சிரிப்பான், அன்னிக்கி சிரிக்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நாலு நாளா பச்சத்தண்ணிதான். வண்டியப் பாத்ததும் சோறு வந்துட்டுதுன்னு நெனச்சிட்டேன். நான்தான் விசிலடிச்சி உள்ள இருந்தவங்களக் கூப்ட்டேன்.”

“அப்ப ஏன் அப்பிடி சொன்னீங்க?”

“ஸ்டேஷன்ல வெச்சி அவங்க அடிச்சது ஒரு பக்கம். ராவானா நம்ம ஆளுங்களே என்ன மொத்துனாங்க. நீதான்டா விசிலடிச்ச, நீ போலீசு ஆளான்னு. ஒருத்தன் கழுத்துலயே காலு வெச்சிட்டான். அவன் கை காட்டினான், நம்பிட்டேன்னு சொன்னேன். வுட்டுட்டாங்க.”

“வெளிய வந்தப்பறம் சொல்லியிருக்கலாமே.”

“எப்பிடிச் சொல்றது? வூட்டுக்கு வந்தா எங்கம்மா மண்ண வாரிப் போட்டுட்டு வந்துகீறா. ஊரே சொல்லுது. வருஷம் ஆவ ஆவ எனக்கே அவன் கை காட்டின மாதிரிதான் இருந்திச்சி.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அண்ணிகிட்ட நான் எப்பிடிம்மா மூஞ்சி காட்றது? நீ சொல்லிடு.”

நான் உள்ளே போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பெரிய மச்சான் வந்திருக்கிறார் என்றேன். விசிலடித்தது அவர்தான் என்றேன். அக்கா தேய்த்துக்கொண்டிருந்த குண்டானிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“வண்டி கழுவினாரே, அன்னிக்கே சொன்னாரு. பெரியவன்தான் விசிலடிச்சான்னு. அப்பறம் கை காட்டினார்ன்னு பேச்சு வந்துதில்ல, அப்ப நான் அழுதேன். ஊர்ல போயி உண்மையச் சொல்லுங்கன்னு கால்ல வுழுந்தேன். ‘நான் சொன்னா உள்ளயே அவனக் கொன்னுடுவானுங்க. அவனுக்குப் புள்ளகுட்டி இருக்குது, நமக்கு இன்னா இருக்குது’ன்னாரு. யார்கிட்டயும் மூச்சு வுடக்கூடாதுன்னு கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு. உங்கிட்டகூட.”

“வெளிய வந்தப்பறமாவது...”

“அவனே வந்து சொல்லட்டும்ன்னாரு. வருவான், வருவான்னு சொல்லிக்கினே இருந்தாரு. கொஞ்ச வருஷம் போனதும் அதையும் வுட்டுட்டாரு.”

குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா எழுந்தாள். வெளியே போகப் போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தாள். அவளுக்கு அவர் தெரிந்திருப்பார், அவருக்கு அவள் தெரிந்திருக்கமாட்டாள்.

“கெளம்பச் சொல்லு அவர. இப்பப் போனா ஒரு மணி பஸ்ஸு கெடைக்கும்” என்றாள்.

வந்து சொன்னேன். “அண்ணி இன்னா சொன்னாங்க?” என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னாள் என்றேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டை நோக்கி இறங்கினார். என் கணவரும் பிள்ளைகளும் அடுத்த நாள் கிளம்பினார்கள். நான் மாதம் முடியும்வரை அக்காவோடு இருந்தேன். எங்களோடு கீழே வந்துவிடச் சொல்லி எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். “அங்க வந்து யாருக்கு இன்னா சொல்றது” என்று சொல்லிவிட்டாள். அவள் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறாள்.